சமையலறை வாசலில் ஒரு நாற்காலி

சாவ் பாவ்லோ நகரத்தின் பழைய அடுக்குமாடி வீடுகளுக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று கூடத்துக்குள் திறக்கும், இன்னொன்று சமையலறைக்குள். லிப்டும் இரண்டு. குடியிருப்பவர்களும் விருந்தாளிகளும் ஒன்றில் ஏறுவார்கள்; வேலைக்காரர்களும் காய்கறிப் பைகளும் நாய்களும் இன்னொன்றில். நிறமோ சமூக நிலையோ பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்து, அதை எழுதிய பலகையை லிப்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியும் இருக்கிறார்கள். ஆனாலும் ஆட்கள் பழகிய லிப்டில்தான் ஏறுகிறார்கள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் தொட்டி. அதை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்று கட்டடத்தின் வரைபடத்திலேயே அந்த அறைக்கு இடம் ஒதுக்கிவிடுவார்கள்.

2012 தொடக்கத்தில் அலுவலக வேலையாக அந்த ஊருக்குப் போன நான், விலா மரியானா பகுதியில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தேன். வீட்டுக்காரம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். எல்லோரும் பெயருக்கு முன்னால் டோனா என்று சேர்த்து மரியாதையாக அழைப்பார்கள். எனக்கு அவர் வெறும் டோனா. அந்த வீட்டில் சமையலும் மற்ற வேலைகளும் பார்த்தவர் பஹியா மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். திங்கள் முதல் பின்னாலுள்ள அந்தச் சின்ன அறையில் தங்குவார். சனிக்கிழமை பஸ் ஏறி, நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கபாவ் ரெடோண்டோவுக்கு, தன் மகனிடம் போவார். அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு அதற்கே திரும்பிப் பார்த்தார்.

பிரேசில்காரர்கள் நொவேலா என்று சொல்லும் தொலைக்காட்சித் தொடர்களை நான் இந்த இரண்டு பெண்களோடு சேர்ந்துதான் பார்த்தேன். என்னுடைய போர்த்துகீஸ் மொழியில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான். காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் வசனத்தை எழுத்தில் ஓட்டுவார்கள். டோனாவுக்குக் காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டில் அது எப்போதும் ஓடும். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாகச் சேர்ந்து, சில மாதங்களிலேயே நான் மாமியார் சண்டையைப் போர்த்துகீஸில் போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

மாலை ஆறு மணி வாக்கில் முதல் நொவேலா. பெரும்பாலும் பழங்காலக் கதை, மென்மையான காதல். ஏழு மணிக்குச் சிரிப்பும் பாட்டுமாக இன்னொன்று. அதற்குப் பிறகு ஜொர்னல் நசியொனால் என்ற செய்தி. குளோபோ தொலைக்காட்சி 1969-ல் தொடங்கிய இந்தச் செய்தி, இரண்டு நொவேலாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. கதைக்காகக் காத்திருப்பவர்கள் நாட்டு நடப்பையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். ஒன்பது மணிக்கு வருவதுதான் பெரிய நொவேலா. திங்கள் முதல் சனி வரை, ஏழெட்டு மாதம். முடிகிற நாள் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊர்த் தொடர்களோடு வளர்ந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம். 2003-ல் தொடங்கிய கோலங்கள் 2009-ல்தான் முடிந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது தொடங்கிய கண்ணீர், நான் வேலைக்குப் போன பிறகும் அம்மாவுக்கு நிற்கவில்லை. பிரேசிலில் கதாசிரியருக்குக் கெடு உண்டு. செய்த கொடுமைக்கெல்லாம் இன்ன மாதம் இன்ன வெள்ளிக்கிழமைக்குள் கணக்குத் தீர்த்தாக வேண்டும். அதே நேரம், ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரங்களுக்கான அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஜனங்களுக்குப் பிடித்த துணைப் பாத்திரம் வளரும், பிடிக்காத காதல் ஜோடி பிரியும். கெடுவும் இந்த நெகிழ்வும் சேர்ந்துதான் நொவேலாவுக்கு அதன் வேகத்தைக் கொடுக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒன்பது மணி ஆனதும் அக்கா சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். கூடத்தில் சோபா காலியாகத்தான் இருக்கும். "இங்கே வந்து உட்காரேன்" என்று டோனா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், மனதாரத்தான். "இங்கேயே நல்லாத்தான் இருக்கு" என்பார் அக்கா. அந்த நாற்காலியின் முன்கால் இரண்டும் கூடத்து மரத்தரையில் இருக்கும், பின்கால் இரண்டும் சமையலறை ஓட்டுத்தரையில். அதைத் தாண்டி அவர் ஒருநாளும் வரவில்லை.

2012 மார்ச் 26 அன்று அவெனிடா பிரசில் தொடங்கியது. எழுதியவர் ஜுவாவ் எமானுவேல் கர்னேய்ரு. ரீட்டா என்ற சிறுமியின் அப்பா இறந்துபோக, சித்தி கர்மின்யா அவளைக் குப்பைமேட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் செய்கிறாள். கர்மின்யா, டுஃபாவ் என்ற கால்பந்து வீரனைக் கட்டிக்கொண்டு பணக்காரி ஆகிறாள். ரீட்டாவை அர்ஜென்டினாக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்க்கிறது. பல வருடம் கழித்து, நீனா என்ற பெயரோடு, அதே கர்மின்யா வீட்டுக்குச் சமையல்காரியாக வேலைக்கு வந்து சேர்கிறாள் அவள். பழிவாங்க வந்தவள் கத்தி எடுத்து வரவில்லை, கரண்டி எடுத்து வந்தாள். கதை முழுக்க அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியே நடந்தது. டுஃபாவின் அப்பா, அம்மா, தங்கை, மச்சான், வேலைக்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் வசனம் முடிய இன்னொருவர் காத்திருக்க மாட்டார். நாடகம் பார்க்கிற உணர்வே இருக்காது. ரியோவின் ஏதோ ஒரு புறநகர் வீட்டில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

அதே மாதங்களில் ஏழு மணிக்கு இன்னொரு நொவேலா ஓடியது. மூன்று வீட்டு வேலைக்காரிகள் ஒரு காவல் நிலையத்தில் சந்தித்துச் சிநேகிதிகளாகி, பாட்டுக் குழுவாகி, நாடே கொண்டாடும் நட்சத்திரங்களாகிறார்கள். மூவரில் ஒருவராக நடித்தவர் தாயிஸ் அராவூஜோ. அக்காவுக்கு அவர் என்றால் உயிர். 2009-ல் ஒன்பது மணி நொவேலாவின் முதல் கறுப்பின நாயகியாக வந்தவர் அவர்தான். அந்த நொவேலாவில் அவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு, கன்னத்தில் அறை வாங்கும் காட்சி வந்தது. அதைப் பற்றி அக்கா என்னிடம் சொல்லும்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. குரலில் சூடு ஆறவில்லை. "நாயகின்னு சொல்லிக் கூப்பிட்டு முழங்கால் போட வச்சாங்க" என்றார். அதனால்தான் 2012-ல் தாயிஸ் அழுக்குத்துணி வாளியைக் கீழே போட்டுவிட்டு மேடை ஏறியபோது, அக்கா இடுப்பில் கை வைத்து நின்றபடியே பார்த்தார். ஏழு மணி நொவேலாவுக்கு நாற்காலி கிடையாது. அது இரவுச் சமையல் நேரம். கூடத்தில் ஓடுவதை அடுப்படியில் நின்று, பருப்பைக் கிளறிக்கொண்டே பார்ப்பார்.

ஜூலைக் கடைசியில் அவெனிடா பிரசிலில் அந்தக் காட்சி வந்தது. நீனா யார் என்பது கர்மின்யாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கர்மின்யாவும் அவள் கள்ளக்காதலன் மேக்ஸும் சேர்ந்திருக்கும் புகைப்படங்கள் நீனாவின் கையில். வீட்டில் வேறு யாரும் இல்லாத நாட்களில் நீனா எஜமானி ஆகிறாள். கர்மின்யா துணி துவைக்கிறாள், தரை துடைக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் நீனா உட்கார்ந்திருக்க, கர்மின்யா நிற்கிறாள். பரிமாறு என்கிறாள் நீனா. கர்மின்யா தயங்கவும், ஒரு வசைச்சொல்லையும் சேர்த்துக் கத்துகிறாள். கர்மின்யாவாக நடித்த அட்ரியானா எஸ்தேவெஸ் அப்போது செய்ததை என்னால் மறக்க முடியாது. முகத்தில் அவமானமும் கணக்குப்போடும் புத்தியும் ஒரே நேரத்தில் ஓடின. அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே திருப்பி அடிக்க இடம் தேடும் முகம்.

எங்கள் கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. விளம்பர இடைவேளை வந்தது. இடைவேளையில் காபி குடிப்பது டோனாவின் பழக்கம். வழக்கம்போலத் தலையைத் திருப்பாமலே, "ஒரு காபி கிடைக்குமா?" என்றார். கேட்டு முடித்த பிறகே எந்த நேரத்தில் கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அக்கா எழுந்து போனார். துணி வடிகட்டியில் இறக்கிய காபியைச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்படியே கர்மின்யாவின் குரலில், "பரிமாறிட்டேன், எஜமானி" என்றார். நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து டோனாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் போய் சோப்பு விளம்பரத்தைக் கவனமாகப் பார்த்தார்.

பாத்திரம் கழுவும்போது அவரிடம் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். ரசித்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். "நீனா கத்தியிருக்கக் கூடாது மகளே" என்றார். "சமையல்காரிக்குக் கத்த வேண்டிய தேவையே இல்லை. யார் எவ்வளவு சாப்பிடுறா, யார் சாப்பிடாம எழுந்து போறா, யாருக்கு எந்த மாத்திரை, எந்த நாள்ல ரெண்டு பேரும் பேசிக்கலை, எல்லாம் நமக்குத் தெரியும். தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். அது போதும்."

ஊர் முழுக்க மறுநாள் அந்த வசனத்தைச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் காபி இயந்திரத்தின் முன்னால் ஆண்கள்கூட ஒருவரையொருவர் அப்படி அதட்டினார்கள். பிரேசிலில் லட்சக்கணக்கான வீடுகளில் அந்த இரவு எஜமானியும் வேலைக்காரியும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரே காட்சி, இருந்த இடம் வேறு. காதல், பேராசை, குடும்பச் சண்டை என்று நொவேலாவைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, எல்லாக் கதையும் யார் யாருக்குத் தட்டு வைக்கிறார்கள் என்ற இடத்துக்கே வந்து நின்றது.

டோனாவுக்கு அவெனிடா பிரசில் இரண்டாம்பட்சம்தான். அவருடைய நொவேலா 1988-ல் வந்த வாலே டூடோ. ஜில்பெர்டோ பிராகாவும் அகினால்டோ சில்வாவும் லெயோனோர் பாஸெரெஸும் எழுதியது. ராக்கேல் நேர்மையான தாய். மகள் மரியா தெ ஃபாத்திமா, குடும்பத்துக்கு இருந்த ஒரே வீட்டை அம்மாவுக்குத் தெரியாமல் விற்றுக் காசை எடுத்துக்கொண்டு, பணக்காரி ஆக ரியோவுக்கு ஓடிவிடுகிறாள். தேடிப் போகும் தாய் கடற்கரையில் சாண்ட்விச் விற்று, படிப்படியாக உயர்ந்து உணவகம் வைக்கிறாள். மகள் கோடீஸ்வரக் குடும்பத்துக்குள் மருமகளாக நுழைகிறாள். அந்தக் குடும்பத்தின் தலைவி ஒடேட்டி ரொய்ட்மன், விமானக் கம்பெனிக்குச் சொந்தக்காரி, தன் நாட்டையும் அதன் ஏழைகளையும் வாய்கூசாமல் இகழ்பவள்.

அப்போது பிரேசில் இருபத்தோரு ஆண்டு ராணுவ ஆட்சியிலிருந்து வெளியே வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. புதிய அரசமைப்புச் சட்டம் அந்த அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி பத்து மடங்கைத் தாண்டி ஏறியது. சம்பளம் வாங்கிய அன்றே மாதச் சாமான் முழுவதையும் வாங்கிவிடுவோம் என்று டோனா சொல்வார். கடையில் ஒரு பையன் விலைச்சீட்டு ஒட்டும் கருவியோடு அலமாரி அலமாரியாக விலையை ஏற்றிக்கொண்டே வருவானாம். அவன் அரிசி வரிசைக்கு வருவதற்குள் இவர் ஓடிப்போய் மூட்டையை எடுத்துவிடுவாராம். இந்த நாட்டில் நேர்மையாக இருந்து என்ன பயன் என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்வியைத்தான் வாலே டூடோ தாய்க்கும் மகளுக்கும் நடுவில் வைத்தது.

டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸ் விருந்துக்குக் குடும்பங்கள் கூடியிருந்த இரவில், ஒடேட்டி சுட்டுக் கொல்லப்பட்டாள். கொன்றது யார் என்று நாடே பந்தயம் கட்டியது. ஜனவரி 6 அன்று கடைசி அத்தியாயத்தில் விடை வந்தது: லெய்லா என்ற பெண், அதுவும் ஃபாத்திமா என்று நினைத்து, ஆள் மாறிச் சுட்டது. கம்பெனிப் பணத்தைச் சுருட்டிய மார்கோ அவுரேலியோவோ தண்டனையே இல்லாமல் விமானத்தில் பறந்து போகிறான்; போகும்போது கீழே தெரியும் நகரத்தைப் பார்த்துக் கையால் ஓர் ஆபாசச் சைகையும் காட்டிவிட்டுப் போகிறான். டோனா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று அந்தச் சைகையை நடித்துக் காட்டுவார், எழுபது வயதில்.

அதே வாலே டூடோவை அக்கா வேறு இடத்திலிருந்து பார்த்தவர். பஹியா உள்நாட்டில், பக்கத்து வீட்டு வாசலில், தெருவே கூடி உட்கார்ந்து. டோனாவுக்கு ஒடேட்டியின் நாக்கு பிடித்தது. அக்காவுக்கு ராக்கேலின் கூடை. தானாக விற்றுத் தானாக நிற்கலாம் என்று நினைத்து, அதற்கு அடுத்த வருடம் பதினேழு வயதில் சாவ் பாவ்லோவுக்கு பஸ் ஏறினார். வந்து இறங்கியவருக்குக் கிடைத்தது அடுத்தவர் சமையலறையும் அதன் பின்னால் உள்ள சின்ன அறையும். அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. நொவேலாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொன்னார், அவ்வளவுதான்.

கதையைக் கண்டு அரசாங்கம் நடுங்கிய காலமும் உண்டு. டியாஸ் கோமெஸ் எழுதிய ரோக்கி சான்டேய்ரோ 1975 ஆகஸ்டில் முதல் அத்தியாயம் ஒளிபரப்பாக வேண்டிய நாளன்றே தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே தடையில் இருந்த தன் நாடகம் ஒன்றைத்தான் வேறு உடுப்பில் நொவேலாவாக எழுதியிருக்கிறேன் என்று அவர் ஒரு நண்பரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார், ராணுவம் ஒட்டுக்கேட்டுவிட்டது. அந்த இடத்தை நிரப்ப அவர் மனைவி ஜானெட்டி கிளேர் அவசரமாக ஒரு நொவேலா எழுதித் தந்தார், அது பெரும் வெற்றி. ரோக்கி சான்டேய்ரோ 1985-ல், ராணுவ ஆட்சி முடிந்த ஆண்டில், புதிதாக எடுக்கப்பட்டு வெளிவந்தது. செய்யாத சாகசத்துக்காக ஊரே கும்பிடும் ஒரு போலி வீரனின் கதை அது. அங்கோலாக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். லுவாண்டாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைக்கு அந்த நொவேலாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அவர் அம்மா சாமான் வாங்கியதெல்லாம் அங்கேதானாம். கியூபாவிலும் இப்படித்தான்: வீட்டிலேயே நடத்தும் சின்ன உணவகங்களுக்கு, ராக்கேல் வாலே டூடோவில் வைத்த உணவகத்தின் பெயரான பலடார் என்பதே பொதுப்பெயர் ஆகிவிட்டது. போர்ச்சுகலுக்கு 1977-ல் கப்ரியேலா என்ற நொவேலா போனது. ஐந்து வருடத்தில் அவர்களே சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவையும் அவர்கள் விடவில்லை. 2009-ல் குளோரியா பெரெஸ் எழுதிய கமின்யோ தாஸ் இந்தியாஸ் ஒன்பது மணிக்கு ஓடி, சர்வதேச எம்மி விருதும் வாங்கியது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, இருந்தாலும் பழக்கடைக்காரர்கூட என்னைக் கண்டதும் கைகூப்பி, "அரே பாபா!" என்பார். பிரேசில் நடிகர்களே சேலையும் தலைப்பாகையும் கட்டி நடித்தார்கள். ராஜஸ்தான் அரண்மனைகளும் ஓயாத ஆட்டமுமாக இருந்த அந்த இந்தியாவில் எங்கள் திருநெல்வேலிக்கு இடமில்லை. ஆனாலும் கதையின் மையத்தில் ஒரு தலித் இளைஞனும் மேல்சாதிப் பெண்ணும் காதலித்தார்கள். சாதி என்றால் என்ன என்று பல பிரேசில்காரர்களுக்கு முதலில் சொன்னது அந்த நொவேலாதான்.

அக்காவும் அதைப் பார்த்திருந்தார். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே, "உங்க ஊர்ல அவங்க எந்த வழியா வீட்டுக்குள்ள வருவாங்க?" என்று கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன். சில வீடுகளில் கொல்லைப்புறம் வழியாக, பல வீடுகளில் உள்ளேயே வர முடியாது. எங்கள் தாத்தா காலத்து டீக்கடைகளில் அவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது, சில ஊர்களில் அது இன்னும் போகவில்லை. அவர் கிளிப்பை வாயில் கவ்வியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ அங்கேயும் ரெண்டு லிப்ட்" என்றார்.

அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை. அவெனிடா பிரசில் கடைசி அத்தியாயம். அன்றைக்கு சாவ் பாவ்லோவில் நடக்க இருந்த தேர்தல் கூட்டத்தை, அதிபர் தில்மா ருசெஃப் கலந்துகொள்ள வேண்டிய கூட்டத்தை, மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நொவேலா முடிந்ததும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து விளக்கையும் குளியலறை வெந்நீரையும் போடும் என்று மின்துறை முன்னேற்பாடு செய்ததாம். எட்டு மணிக்கே எங்கள் தெருவில் கார் இல்லை. பார்களில் டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எங்கள் கூடத்தில் பக்கத்து வீட்டு இரண்டு குடும்பங்கள் வந்து சோபாவை நிறைத்துவிட, நான் தரையில் உட்கார்ந்தேன். அக்கா தன் நாற்காலியில்.

மேக்ஸைக் கொன்றது கர்மின்யா என்று தெரிந்ததும் எங்கள் கட்டடத்தின் எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே கூச்சல். சிறைக்குப் போய் வந்த கர்மின்யா அதே குப்பைமேட்டுக் குடிசைக்குத் திரும்புகிறாள். அவளும் அந்தக் குப்பையிலிருந்து கிளம்பியவள்தான். நீனா கணவனோடும் குழந்தையோடும் அவளைப் பார்க்கப் போகிறாள். கர்மின்யா சமைத்துப் போடுகிறாள், அவர்கள் சாப்பிடுகிறார்கள். டோனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டாள், அழகான முடிவு என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மன்னிக்கட்டும். குழந்தையைக் குப்பையில வீசினவ கையால எதுக்குச் சாப்பிடணும்? எல்லாம் சரியாகணும்னா கடைசியில எப்பவும் ஏதோ ஒரு பொம்பளை சமைச்சுப் போடணுமா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு அவர்களில் யாரும் பதில் சொல்லவில்லை. என்னிடமும் இல்லை.

நொவேலா பிரேசில் பெண்களை மாற்றியதா என்று பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு 2000-க்குள் இரண்டரைக்கும் கீழே வந்தது. குளோபோ ஒளிபரப்பு எட்டிய ஊர்களில் பிறப்புகள் மற்ற ஊர்களைவிடக் குறைந்தன. நொவேலா நாயகிகளில் பெரும்பாலோருக்குப் பிள்ளையே இருக்காது, அல்லது ஒரே பிள்ளை. அக்காவின் அம்மா பதினோரு பிள்ளை பெற்றவர். அக்காவுக்கு ஒரு மகன். இதை நான் சொன்னபோது, "நொவேலா பார்த்துப் பெத்துக்காம இருக்கலை, சம்பளத்தைப் பார்த்து" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணே ஒண்ணு போதும்னு சொன்னா ஊர் ஒண்ணும் சொல்லாதுங்கிற தைரியம் அங்கேருந்து வந்திருக்கலாம்" என்றும் சொன்னார்.

2013 ஏப்ரலில் அரசமைப்புச் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. வீட்டு வேலை பார்ப்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களைப் போல நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் தனிக்கூலி. நாட்டின் எல்லாக் கூடங்களிலும் சமையலறைகளிலும் அதே பேச்சு. டோனா ஒழுங்கானவர். மறுநாளே கோடுபோட்ட நோட்டு ஒன்றை வாங்கி, அக்கா வேலை தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம் எழுத ஆரம்பித்தார். எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து நொவேலா பார்ப்பது வேலை நேரமா, இல்லையா? இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து உண்மையாகவே விவாதித்தார்கள். அக்கா கடைசியில் சொன்ன தீர்ப்பை டோனா ஏற்றுக்கொண்டார்: "காபி கேட்டா வேலை. கேட்கலைன்னா நொவேலா." அன்று முதல் டோனா எட்டரை மணிக்கே காபி இறக்கி, பிளாஸ்கில் ஊற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு நடுவில் நான் ஊர் திரும்பினேன். டோனா இப்போது இல்லை. அக்கா அடுத்தவர் சமையலறையை விட்டுப் பல வருடம் ஆகிறது. கபாவ் ரெடோண்டோவில் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து, மதியச் சாப்பாட்டை டப்பாக்களில் கட்டி விற்கிறார். மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புவார். பாதி குடும்பச் சேதி, பாதி நொவேலா.

2025 மார்ச்சில் குளோபோ வாலே டூடோவை மறுபடி எடுத்து ஒளிபரப்பத் தொடங்கியது. ராக்கேல் வேடத்தில் தாயிஸ் அராவூஜோ. அந்தச் செய்தி வந்த நாளில் அக்கா அனுப்பிய குரலில் வார்த்தையே சரியாக வரவில்லை. அவர் பஹியாவில் தெருவோடு உட்கார்ந்து பார்த்து, அதை நம்பி பஸ் ஏறிய ராக்கேல், இப்போது அவரைப் போன்ற முகத்தோடு திரையில். நான் இங்கிருந்து இணையத்தில் துண்டு துண்டாகப் பார்த்தேன், மீதியை அக்கா சொன்னார். சாண்ட்விச் விற்று, உழைத்து, ராக்கேல் உணவகம் வைத்தாள். ஆகஸ்டில் கதை திரும்பியது. எல்லாம் கைவிட்டுப் போய், அவள் மறுபடியும் கடற்கரையில் சாண்ட்விச் விற்கப் போனாள். பார்வையாளர்கள் பலர் கொதித்தார்கள். நடித்த தாயிஸ் அராவூஜோவே தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார்.

அக்காவின் செய்தி நான்கைந்து துண்டாக வந்தது. முதல் இரண்டில் திட்டு மட்டும்தான். மூன்றாவதில், சொந்தமாக அடுப்பு வைத்த ஒருத்தியை மறுபடி மணலில் இறக்கிவிட எழுதுகிறவர்களுக்கு எப்படி மனம் வந்தது, அவர்கள் வீட்டில் இன்னும் யாரோ காபி கொண்டுவந்து வைக்கிறார்கள் போல என்றார். கடைசித் துண்டில் அவரே கதையை மாற்றிச் சொன்னார். ராக்கேல் எதையும் இழக்க மாட்டாள். ஒடேட்டியின் அலுவலகத்துக்கு நேர் எதிரே இரண்டாவது கடை திறப்பாள். பணமெல்லாம் போய் வேலை கேட்டு வந்து நிற்கும் மகள் ஃபாத்திமாவைத் திட்டவும் மாட்டாள், கட்டிப்பிடித்து அழவும் மாட்டாள். சமையலறையில் வேலைக்குச் சேர்த்துக்கொள்வாள். தொழிலாளர் அட்டையில் முறையாகக் கையெழுத்துப் போட்டு, எட்டு மணி நேரம், அதற்கு மேல் என்றால் தனிக்கூலி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.